மதுரையை அச்சு அசலாகக் கட்டுவதா, மதுரை மாதிரி ஓர் ஊரைக் கட்டுவதா?

கிரேபாக்ஸ்_குமரன்:

எங்கள் குழுவில் நான்கு பேர். அன்ரியல் 5 என்ற கேம் என்ஜினில் ஒரு துப்பறியும் கேம். காலம் 1986, களம் மதுரையின் பழைய நகரம்: கோயில், சுற்றியுள்ள வீதிகள், வைகைக் கரையில் ஒரு துண்டு. ஆடுபவர் நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் மிதிக்கலாம், கார் கிடையாது. மூன்றாம் நபர் கேமரா, அதாவது ஆளின் பின்னாலிருந்து பார்ப்பது. முக்கால்வாசி இரவுக் காட்சி. உச்சக்கட்டம் தேரோட்டக் கூட்டத்துக்குள் ராத்திரியில் ஒரு துரத்தல்.

குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வீதிக்கு வீதி நிஜமாகக் கட்டினால்தான் கேமுக்கே மதிப்பு என்று ஒரு கட்சி. வேறு பெயர் வைத்துவிட்டால் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், யாரும் குற்றம் சொல்ல முடியாது என்று இன்னொரு கட்சி. ஊரை எந்த அளவுக்குச் சுருக்கலாம்? ஓபன்ஸ்ட்ரீட்மேப் (இலவச இணைய வரைபடம்), எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து அளந்த நில உயரம்) தரவுகளை எவ்வளவு நம்பலாம்? கோயிலையும் கடைகளையும் நிஜப் பெயரில் வைத்தால் என்ன வம்பு வரும்? பொத்தாம்பொதுவாக வேண்டாம், கணக்கோடு சொல்லுங்கள்.

நிலைவெண்:

பெயர்ச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆடுபவர் என்ன வேகத்தில் போகிறார் என்பதிலிருந்துதான் ஊரின் அளவு வரும். யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கேம் ஐரோப்பாவை 1:19 அளவில் சுருக்கியது. அமெரிக்கன் ட்ரக் சிமுலேட்டர் 1:35-இல் தொடங்கி, ஊர்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றன என்று 2016 கடைசியில் வரைபடம் முழுவதையும் 1:20-க்கு மாற்றியது. இந்தச் சுருக்கம் கண்ணை உறுத்தாததற்குக் காரணம், சாலையின் அகலமும் லாரியின் உயரமும் நிஜ அளவில் இருப்பதுதான். குறைந்தது இடைவெளி மட்டும். உங்களுக்கும் அதேதான்: வீட்டைச் சிறிதாக்காதீர்கள், வீடுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

வெளி வீதிக்கு வெளி வீதி 1,500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அன்ரியலின் இயல்பு வேகம் வினாடிக்கு 6 மீட்டர். அந்த ஓட்டத்தில் 250 வினாடி. நிஜ நடை வேகமான 1.4 மீட்டரில் கிட்டத்தட்ட 18 நிமிடம். துப்பறியும் கேமில் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு 60 முதல் 90 வினாடிக்குள் போய்ச்சேர வேண்டும், இல்லையென்றால் ஆடுபவர் வேகப்பயணப் பொத்தானைத் தேடுவார். ஊரைக் கட்டியதே வீண். ஆக ஒரு பக்கம் சுமார் 550 மீட்டர். 30 வீடு உள்ள வரிசையில் 11 வீடு நிற்கும். வெட்டும்போது வரிசையின் நடுவில் வெட்டுங்கள், மூலைகளைத் தொடாதீர்கள். ஊர்க்காரர் ஞாபகம் வைத்திருப்பது முக்குகளைத்தான்.

அடுத்தது கோபுரம். எங்கிருந்து பார்த்தாலும் கோபுரம் தெரியும், அதுவே திசைகாட்டி என்று நீங்கள் திட்டம் போட்டிருப்பீர்கள். நடக்காது. தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 52 மீட்டர். 6 மீட்டர் அகலத் தெருவில், எதிர்வீடு 8 மீட்டர் உயரம் என்றால், 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணுக்கு அந்த வீட்டின் கைப்பிடிச்சுவரைத் தாண்டிக் கோபுர உச்சி தெரிய, கோபுரத்திலிருந்து 47 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போனால், கோபுரத்தைப் பார்த்து நேராக ஓடும் வீதிகளிலும் மொட்டைமாடியிலும்தான் தெரியும். வீட்டை 6.5 மீட்டராகவும் தெருவை 10 மீட்டராகவும் ஆக்கினால் இது 103 மீட்டர் ஆகும். இந்த இடத்தில் எல்லோரும் கோபுரத்தை உயர்த்தப் பார்ப்பார்கள். 62 மீட்டராக்கினால் கிடைப்பது கூடுதலாக 20 மீட்டர்தான். அதற்குப் பதில் தெருவை 14 மீட்டராக்கினால் 144 மீட்டர் வரை தெரியும். எனவே கோபுரத்தில் கை வைக்காதீர்கள்; முக்கியமான இரண்டு மூன்று தெருக்களை அகலப்படுத்துங்கள், அல்லது எதிர்வரிசையில் ஓட்டுவீடுகளை வையுங்கள்.

கதவு இன்னொரு தொல்லை. மூன்றாம் நபர் டெம்ப்ளேட்டில் கேப்ஸ்யூலின் (ஆளைச் சுற்றியுள்ள, கண்ணுக்குத் தெரியாத மோதல் உருளையின்) ஆரம் 42 செ.மீ., அதாவது விட்டம் 84. பழைய வீட்டு வாசல் 75, 80 செ.மீ.தான் இருக்கும், ஆள் உள்ளேயே போக மாட்டார். கதவை 110-க்கு அகட்டினால் வீட்டு முகப்பே பங்களா மாதிரி ஆகிவிடும். ஆரத்தை 30-ஆகக் குறைத்து, தோளும் கையும் சுவருக்குள் புகாமல் இருக்க வாசலில் மட்டும் உடம்பைத் திருப்பும் அனிமேஷன் வையுங்கள். 3, 4 மீட்டர் பின்னால் நிற்கும் கேமராவை, திண்ணையில், ஆள் நுழைந்ததும் இயங்கும் ஒரு ட்ரிகர் பெட்டி வைத்து 1.8 மீட்டருக்கு இழுத்துவிடுங்கள். சந்துகள் நிஜத்தில் எவ்வளவு குறுகலாக இருந்தாலும் 2.4 மீட்டருக்குக் கீழே போகாதீர்கள்; எதிரெதிரே வரும் இரண்டு பேர் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடப்பார்கள்.

தெற்குமாசி:

நிலைவெண் அண்ணன் கணக்கெல்லாம் சரிதான். ஆனா நிஜப் பேரு வைக்கிறதா இருந்தா மொதல்ல கதையைத் திருத்துங்க. ராத்திரியில தேரோட்டம்னு எழுதியிருக்கீங்க. மதுரையில தேருக்கு வடம் பிடிக்கிறது காலையில. திருக்கல்யாணத்துக்கு மறுநாள், கீழமாசி வீதி தேரடியில கிளம்பி தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசின்னு வலம் வந்து நிலைக்கு வரும். வலம்ங்கிறதால நாலு முக்குலயும் தேர் வலது பக்கமாத்தான் திரும்பும். துரத்தல்ல ஆளை எந்தப் பக்கம் ஓட விடுறீங்கன்னு இதை வெச்சு முடிவு பண்ணுங்க.

தேர் திரும்புற விதத்தையும் விட்டுறாதீங்க, மாடல் பண்றவங்க எப்பவும் கோட்டை விடுற இடம் அது. தேர்ச் சக்கரத்துக்கு ஸ்டியரிங் கிடையாது. அச்சு அசையாது. முக்கு வந்ததும் உள்பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டையைக் கொடுத்து நிறுத்தி, வெளிப்பக்கம் இழுக்க இழுக்க, கொஞ்சம் கொஞ்சமா மொத்தத் தேரும் அரைச்சுக்கிட்டுத் திரும்பும். கட்டை போடுறவர் சக்கரத்துக்குப் பக்கத்துலயே, நசுங்கிருவாரோன்னு பாக்குறவன் பயப்படுற தூரத்துல, கூடவே நகர்ந்துக்கிட்டு இருப்பார். கார் மாதிரி முன்சக்கரம் வளையுற அனிமேஷனைப் போட்டீங்கன்னா அந்த நிமிஷமே கேம் மதுரையை விட்டுப் போயிரும். வேகமும் ஒரே சீரா வேண்டாம்: நிக்கும், ஒரு உலுக்கு, பத்தடி போகும், மறுபடி நிக்கும். துரத்தலுக்கு இதைவிட நல்ல தடை கிடைக்காது. சாமி தேர் முன்னாடி, அம்மன் தேர் பின்னாடி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் தப்பிக்கிற வழின்னு வைக்கலாம்.

ராத்திரிதான் வேணும்னா தேரை விடுங்க, எதிர்சேவைக்குப் போங்க. அழகரை எதிர்கொண்டு கூப்பிட தல்லாகுளத்துல விடிய விடியக் கூட்டம். ஆத்துக்கு அந்தக் கரை. வைகைத் துண்டு உங்ககிட்ட ஏற்கனவே இருக்கு. ஆத்துல இறங்குறது சித்ரா பௌர்ணமி, அதனால முந்தின ராத்திரி நிலா ஏறக்குறைய முழுசா இருக்கணும். ஸ்கைபாக்ஸ்ல, அதான் கேம் வானத்துல, பிறையைத் தொங்க விட்டுறாதீங்க. முழு நிலா உங்க லைட்டிங்குக்கும் லாபம்.

1986-ன்னா இதெல்லாம் எடுத்துடுங்க: மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு (பெரியார்தான் அப்போ), செல்போன் டவர், ஃப்ளெக்ஸ் பேனர், மாடிக்கு மாடி கருப்புத் தண்ணித்தொட்டி. பஸ்ஸுல பாண்டியன் போக்குவரத்துக் கழகம்னு இருக்கணும், தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்னு இருக்கக் கூடாது. பேர் மாறினது 1997-ல. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் தங்கம் தியேட்டர் நிக்கணும், இன்னிக்கு மேப்ல அது இல்ல. ராத்திரி பதினொண்ணு ஆனா தெருவுல ஆளே இல்லாம ஆக்குற வழக்கமான அட்டவணையையும் மாத்துங்க. தூங்காநகரத்துல பரோட்டாக் கல்லுச் சத்தம் கேக்காத முக்கு எது?

முத்திரைத்தாள்:

சட்டப் பக்கம், சுருக்கமாக. பல நூற்றாண்டுப் பழமையான கோயிலுக்குப் பதிப்புரிமை இல்லை. புதிய கட்டடங்களுக்கு, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு கட்டடக்கலைப் படைப்பை வரையவும் படமெடுக்கவும் விலக்கு தருகிறது. ஆனால் வாசகம் ஓவியம், புகைப்படம், திரைப்படம் என்றுதான் போகிறது, விளையாட்டுக்கான முப்பரிமாண மாதிரியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. வணிகச்சின்னம் தனிக் கதை. மும்பை தாஜ் மகால் பேலஸ் ஓட்டலின் தோற்றமே 2017-இல் வணிகச்சின்னமாகப் பதிவானது. நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடம் 2018-இன் ஸ்பைடர்மேன் கேமில் இருந்தது. 2020-இல் வந்த அடுத்த கேமான மைல்ஸ் மொராலிஸில் அந்த இடத்தில் வேறொரு கட்டடம். எனவே இயங்கிக்கொண்டிருக்கும் கடை, ஓட்டல், நகைக்கடைப் பெயர்கள் எதுவும் வேண்டாம். அதுவும் துப்பறியும் கதையில் ஒரு நிஜக் கடைக்குள் பிணம் கிடந்தால் வக்கீல் நோட்டீஸ் நிச்சயம்.

கோயில் விஷயத்தில் சட்டத்தை விட மரியாதைதான் முக்கியம். 2006-இன் ரெசிஸ்டன்ஸ் கேமில் மான்செஸ்டர் கதீட்ரலுக்குள் துப்பாக்கிச் சண்டை வைத்தார்கள். மறு ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபை எதிர்ப்புத் தெரிவிக்க, சோனி மன்னிப்புக் கேட்டது. மதில்வரை நிஜமாகக் கட்டுங்கள், கோபுர வாசலோடு ஆட்டத்தை நிறுத்துங்கள். உள்ளே கட்டினாலும் படச் சான்று சேர்ப்பது கடினம்: 2018 பிப்ரவரி தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் செல்போனுக்கே அனுமதி இல்லை, போட்டோகிராமெட்ரிக்கு (புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்வதற்கு) படம் எங்கே எடுப்பது?

தரவு உரிமம்: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்தலாம், நன்றி வரி கட்டாயம்; அதன் தரவுத்தளத்தை மாற்றி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். கூகுள் மேப்ஸ் படத்தின் மேல் கோடு இழுத்து வரைவதை அதன் விதிமுறைகள் தடுக்கின்றன.

கமுரோ_கதிர்:

வேறு பெயர் வைத்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாது என்ற கட்சிக்கு ஒரு வார்த்தை. யாகுசா கேம் தொடரின் களமான கமுரோச்சோ பெயரளவில் கற்பனை. டோக்கியோ கபுகிச்சோவைப் பார்த்தவர்கள் அந்தச் சிவப்பு வளைவைக் கண்டதும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். அங்கே பெயர் மாறியது குற்றக் கும்பல் கதையை நிஜக் கடைக்காரர் தலையில் கட்டாமல் இருக்க. தெருவின் அகலம், கடை அடுக்கு, மாடிப்படி, விளக்கு எதிலும் சலுகை எடுத்துக்கொள்ளவில்லை. 2005-இலிருந்து அதே சில தெருக்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியும் சலிக்காததற்கு அதுதான் காரணம். சிறிய இடம், நெருக்கமான விவரம். நான்கு பேர் குழுவுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது.

மறுபக்கம் அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகஸி, 2017. களம் மேற்குத் தொடர்ச்சி மலை, கட்டடங்கள் ஹொய்சாளர் பெயரில். பார்க்க அருமை. ஆனால் ஹொய்சாளக் கலையின் உயிர் மாக்கல்லில் கடைந்த தூண், நட்சத்திர வடிவ மேடை, கையகல இடத்தில் ஒரு முழுக் கதை. பேலூரும் ஹளபேடும் உயரத்தால் மிரட்டும் கோயில்களே அல்ல. கேமில் மலையளவு சிலைகள். மிருதுவான மாக்கல்லை வைத்து நுணுக்கம் செய்தவர்களை ராட்சத வேலைக்காரர்களாக மாற்றியது, நகர வரைபடத்தை மாற்றுவதை விடப் பெரிய திரிபு என்பது என் கருத்து. வரைபடத்தில் கற்பனை செய்யுங்கள், கட்டும் முறையில் செய்யாதீர்கள்.

உங்களுக்கு இதன் பொருள்: அசெட் கடையில் 'இந்தியக் கோயில்' என்று விற்கும் தொகுப்பை வாங்காதீர்கள். பாதிக்கு மேல் வடநாட்டுச் சிகரம், அல்லது கருவறை மேல் ராஜகோபுரம். மதுரையில் வாசலில் இருப்பதுதான் உயரம்; கருவறை மேல் இருக்கும் விமானம் சிறியது, பொன் வேய்ந்தது. கோபுரத்தின் அடித்தளம் கல், மேலே செங்கல்லும் சுதையும், இரண்டுக்கும் மெட்டீரியல் வேறு. தெற்குக் கோபுரத்தில் மட்டும் 1,500-க்கு மேற்பட்ட சுதைச் சிற்பங்கள். ஒவ்வொன்றும் 5,000 முக்கோணம் என்றால் 75 லட்சம். நாற்பது வகை உருவம் செய்து இன்ஸ்டன்ஸ் போடுங்கள் (அதே மாதிரியைப் பல இடத்தில் திரும்ப வைப்பது), வண்ணத்தை இன்ஸ்டன்ஸ் வாரியாக மாற்றுங்கள். ஆனால் அந்த நாற்பதையும் தாறுமாறாகத் தூவாதீர்கள். துவாரபாலகர் நிலைக்கு இருபுறமும், யாளி முகம் விளிம்பில். தூவினால் தூரத்தில் சரியாகத் தெரியும், சைக்கிளில் கிட்ட வந்ததும் குட்டு உடையும்.

வேண்டுமென்றே செய்யும் பிழைக்கும் ஓர் இடம் உண்டு. 2014-இன் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி பிரெஞ்சுப் புரட்சிக் காலப் பாரிஸ். அதன் நோத்ர தாமில் நிற்கும் கூரைக் கூம்பு 19-ஆம் நூற்றாண்டில் வியோலெ-ல-துக் கட்டியது, புரட்சியின்போது அங்கே இல்லை. கூம்பு இல்லாவிட்டால் அது நோத்ர தாம் என்றே பலருக்குத் தோன்றாது, எனவே வைத்தார்கள். 2019 தீக்குப் பிறகு அந்த கேமின் மாதிரியை வைத்துத்தான் தேவாலயத்தைத் திரும்பக் கட்டப்போகிறார்கள் என்று ஒரு வதந்தி ஓடியதே, அதை நம்பாதீர்கள். ஆய்வுக்கு உதவும் லேசர் அளவீட்டை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாளர் 2010-இலேயே எடுத்து வைத்திருந்தார். கேம் மாதிரி கண்ணுக்கு, அளவீடு கட்டுவதற்கு.

கிரேபாக்ஸ்_குமரன்:

எல்லோருக்கும் நன்றி. எதிர்சேவைக்கு மாறுகிறோம், அதில் குழுவில் சண்டையே வரவில்லை. பெயரில் இப்படி யோசிக்கிறோம்: ஊர் மதுரை, மாசி வீதிகள் நிஜம், குற்றம் நடக்கும் சந்தும் அதிலுள்ள கடைகளும் கற்பனை. சரிவருமா? தரவு பற்றியும் கடைப் பலகைகள் பற்றியும் யாராவது சொன்னால் தொடங்கிவிடுவோம்.

நிலைவெண்:

சரிவரும், ஒரு நிபந்தனையோடு. கற்பனைச் சந்து நிஜத் தெரு ஒன்றின் இடத்தில் உட்காரக் கூடாது. நீங்கள் வெட்டி எடுத்த அந்த 19 வீட்டு இடைவெளியில் உட்காரட்டும். நிஜத் தெருவில் குடியிருப்பவர் 'எங்கள் தெருவைக் கொலைகாரன் தெரு ஆக்கிவிட்டார்கள்' என்று சொல்ல இடம் இருக்காது.

எஸ்ஆர்டிஎம் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. கட்டடக் கூரைகளையும் சேர்த்து அளந்த தரவு அது, எனவே சமதளமான நகரம் மேடும் பள்ளமுமாக வரும். நகரத்துக்குள் அதைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தட்டைத் தளத்தில் கையால் சாய்வு கொடுங்கள். பின்னணியில் யானைமலைக்கும் நாகமலைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உயர வீச்சு 300 மீட்டர் என்றால் லேண்ட்ஸ்கேப்பின் (அன்ரியலின் நிலப்பரப்பு) இசட் அளவு, அதாவது உயர அளவு, 300 × 100 ÷ 512, அதாவது 58.6. கோப்பு 16 பிட்டாக இருக்கட்டும். 8 பிட்டில் சேமித்தால் மலை படிக்கட்டாகிவிடும். யானைமலையின் செங்குத்துப் பாறை 30 மீட்டர் தரவில் மழுங்கிவிடும், யானை படுத்திருப்பது போலத் தெரியாது. புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து விளிம்பைக் கையால் செதுக்குங்கள்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து சாலைகளின் மையக்கோட்டை மட்டும் எடுங்கள். மாசி வீதிகள் ஸ்கேல் வைத்த நேர்கோடு அல்ல. அந்த வளைவு அப்படியே இருந்தால் தூரத்துக் கட்டடங்கள் தாமாகவே மறைந்து, ஃபிரேம் ரேட்டும் பிழைக்கும். மாடி எண்ணிக்கையை நம்பாதீர்கள். 2020-இன் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் மெல்பர்ன் புறநகரில் ஒல்லியாக ஒரு 212 மாடிக் கோபுரம் முளைத்தது. யாரோ 2 என்பதை 212 என்று பதிந்திருந்தார்கள், கேம் அதை அப்படியே கட்டிவிட்டது. 1986-க்கு மாடியைப் பழைய புகைப்படம் பார்த்து நீங்களே நிரப்ப வேண்டும். மனையின் முகப்பு அகலத்துக்கு நில அளவைத் துறையின் டவுன் சர்வே வரைபடம் உதவும். எல்.ஏ. நோயர் கேம் 1947-இன் லாஸ் ஏஞ்சலஸை அந்தக் கால விமானப் புகைப்படங்களிலிருந்துதான் எடுத்தது.

தெற்குமாசி:

பலகைக்கு நான் சொல்றேன். அன்ரியல்ல டெக்ஸ்ட் ரெண்டர் கம்போனென்ட் வெச்சுத் தமிழ் எழுதாதீங்க. எழுத்தை ஒண்ணொண்ணா அடுக்கும். 'கொ' எழுதினா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும். யூஎம்ஜி விட்ஜெட்ல (அன்ரியல்ல மெனு, பட்டன் செய்யுற கருவி) சரியா வரும், ஆனா அறுபது பலகைக்கு அது வேண்டாத சுமை. இங்க்ஸ்கேப்ங்கிற வரையுற மென்பொருள்ல எழுதி, எழுத்தைக் கோட்டு வடிவமா (path) மாத்தி, டெக்ஸ்சரா ஏத்துங்க. 3 மீட்டருக்கு 90 செ.மீ. பலகை, மீட்டருக்கு 256 பிக்ஸல்னா 768-க்கு 230. ஒரு 2048 அட்லஸ்ல (பல பலகையை அடுக்கின ஒரே சதுரப் படம்) பதினாறு பலகை அடங்கும், அறுபதுக்கு நாலு அட்லஸ் போதும். ஆடுறவர் கிட்டப் போய்ப் படிச்சே ஆகணும்ங்கிற துப்புப் பலகைக்கு மட்டும் 512.

அப்புறம், கம்ப்யூட்டர் ஃபான்ட்டை அப்படியே ஒட்டாதீங்க. அப்போ எல்லாம் தூரிகை எழுத்து, எனாமல் பெயின்ட், எழுத்துக்கு வலது கீழ்ப்பக்கம் வேற கலர்ல நிழல். எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையா வந்தது 1978-ல. அதனால 1986-ல ரெண்டு வகையும் கலந்து நிக்கணும்: புதுசா எழுதின கடையில இப்ப நாம எழுதுற 'லை', 'னை', பழைய மளிகைக் கடை, வைத்தியசாலை, லாட்ஜுப் பலகையில துதிக்கை வெச்ச பழைய எழுத்து. நிறைய யூனிகோட் ஃபான்ட்ல அந்தப் பழைய வடிவம் இருக்காது, கையாலதான் வரையணும். கடை எந்த வருஷம் திறந்ததுன்னு ஒரு பட்டியல் போட்டு, அதுக்கேத்த மாதிரி எழுத்தைப் பிரிச்சுக்குங்க. துப்பறியுற கேம்தானே, பலகை எழுத்தை வெச்சே கடையோட வயசைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு புதிர் வைக்கலாம்.